அரக்கேரியாவா, நெட்டிலிங்கமா?

தஞ்சை, கும்பகோணம் பக்கம் புதுவீடு கட்டுவோர், வாசலில் நிமிர்ந்து நிற்கும் பசுமரம் தேடும்போது, கிறிஸ்துமஸ் மரம் எனப்படும் அரக்கேரியாவுக்கும் நெட்டிலிங்கத்துக்கும் இடையில்தான் தயங்குகின்றனர்.

விலை: அரக்கேரியா கூடுதல்; நெட்டிலிங்கம் மலிவு.

மண்: நியூ கலிடோனியாவைத் தாயகமாகக் கொண்ட அரக்கேரியாவுக்கு வடிகால் அவசியம் என்பதால், ஐப்பசி மழையில் நாள்கணக்கில் நீர் தேங்கும் நம் களிமண்ணில், மணல் கலந்து மேடு கட்டியே அதை நட வேண்டும். நெட்டிலிங்கம் இம்மண்ணுக்குப் பழகியது.

இடம்: அரக்கேரியா அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும், நுனி முறிந்தால் அதன் கூம்பழகு குலைந்துவிடும். நெட்டிலிங்கம் மதிலோரம் ஒடுங்கி வளரும், கவாத்தையும் தாங்கும்.

நிலத்தில் வைத்த அரக்கேரியா பல மாடி உயரம் எழும். 2018இல் கஜா புயலைக் கண்ட நாம், மின்கம்பியருகே அதை நடவே கூடாது.

பரந்த பள்ளி வளாகத்துக்கும் தொட்டிக்கும் அரக்கேரியா பொருந்தும். குறுகிய மனைக்கு நெட்டிலிங்கமே என் தேர்வு. ஓரம் நெளிந்த அதன் இலைகள் விசேஷ நாளில் தோரணத்துக்கும் ஆகும்.