வயசானவங்க வீட்டுக்குள்ள வெறுங்காலா, ஹவாயா, பின்வார் வச்ச எம்.சி.ஆர் செருப்பா?

அம்மாவுக்கு 74 வயசு, சுகர் ரொம்ப வருசமா இருக்கு, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. டைல்ஸ் போட்டதுல இருந்து வீட்டுக்குள்ள எத மாட்டி நடக்குறதுன்னு ஒரே பஞ்சாயத்து, கடைசியில பின்பக்கம் வார் வச்ச எம்.சி.ஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்ங்கற மெத்து ரப்பர் செருப்பு) வாங்குனோம், அதனால நான் அந்தப் பக்கம்தான் பேசுவேன்.

வெறுங்கால் பழகுனது, செலவில்ல. ஆனா ஆடிக் காத்துல எத்தன தடவ கூட்டுனாலும் டைல்ஸ் மேல பொடிமணல் நறநறங்கும், கால் வழுக்கும். 2004ல அமெரிக்காவுல 65 வயசு தாண்டுனவங்கள வச்சு செஞ்ச ஆய்வுலயும் வெறுங்காலோ வெறும் சாக்ஸோ போட்டு நடந்தவங்களுக்குத்தான் ஷூ போட்டவங்கள விட விழுற ஆபத்து அதிகம். அவங்க ஷூவுலயே வளந்தவங்க, நம்மாளுங்களுக்கு அப்படியே பொருந்தும்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா சுகர்காரங்களுக்கு வேணாம், சுகர்ல கால் மரத்துப் போயிருந்தா முள்ளு குத்துனாலும் தெரியாது.

ஹவாய் விலை கம்மி, கழுவுனா ஒடனே காஞ்சிரும், அவ்ளோதான்.

விசயமே பின்வார்லதான் இருக்கு. அது இல்லாத செருப்ப விரலால இறுக்கிப் புடிச்சு இழுத்துக்கிட்டே நடக்கணும், பாதம் எழும்பாது, நிலைப்படியில முனை மடங்கும். மரத்த காலுக்கு செருப்பு கழண்டதே தெரியாது, எங்கம்மா அடுப்படியில ஒண்ண விட்டுட்டு ஒத்தச் செருப்போட திண்ணையில வந்து உக்காந்திருப்பாங்க, "இன்னொண்ணு எங்கம்மா"ன்னு கேட்டா குனிஞ்சு பாத்துட்டுதான் "அடியாத்தி"ம்பாங்க. வார் இருந்தா திரும்புறப்பவும் குதிகாலோடயே வரும். எம்.சி.ஆரே தொழுநோயில மரத்த காலுக்குன்னு செஞ்சு குடுத்துக்கிட்டிருந்த செருப்புதான், இப்ப சுகர்காரங்களுக்கும் டாக்டருங்க சொல்றாங்க.

இதுலயும் தொல்லை உண்டு. பக்கிள் உப்புக்காத்துல துரு ஏறும், வெல்க்ரோல மணலும் முடியும் சிக்கி ஒட்டாமப் போகும், பழைய பிரஷ்ஷால தேய்ச்சு விடணும், இல்லைன்னா தொங்குற வாரே தடுக்கி விட்டுரும். குனிய முடியாதவங்க வார மிதிச்சே போட்டுக்குவாங்க, அப்ப ஹவாய்க்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல. கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து மாட்டப் பழக்குங்க.

ஈரத் தரையில எப்படி நிக்கும்னு எனக்கு அனுபவம் இல்ல, பாத்ரூமுக்கு இத போட்டுப் போக விடல. "வீட்டுக்குள்ள செருப்பா"ன்னு அம்மா மொதல்ல சண்ட போட்டாங்க, வாசல் தாண்டாத ஜோடின்னு சொன்னப்புறம்தான் சரின்னாங்க. இப்பவும் சாமி ரூம் வாசல்ல கழட்டிருவாங்க, அதனால அந்தச் சுவத்துல கைப்பிடி அடிச்சாச்சு.