அமெரிக்கப் படைகளில் பிரிவு மாற்றம்: டி.டி. 368 நடைமுறை எப்படி?

அமெரிக்காவில் ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்குப் போக விரும்பும் சிப்பாய்களுக்கு இருக்கும் வழி டி.டி. 368 என்ற நிபந்தனை விடுவிப்புப் படிவம். இதை இடமாற்ற உத்தரவு என்று நினைத்துவிடக் கூடாது. பழைய படை 'விடத் தயார்' என்று தரும் சம்மதம், அவ்வளவுதான். புதிய படை எடுத்துக்கொள்ளும் என்பதற்கு இதில் எந்த உறுதியும் இல்லை. பலருடைய ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

படிவத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் பகுதி புதிய படையின் ரெக்ரூட்டர் (ஆள் சேர்ப்பவர்) வழியாகப் போகும். மனுதாரர் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியில் பழைய படை சம்மதத்தையோ மறுப்பையோ பதிந்து, விடுவிப்பு எந்தத் தேதிவரை செல்லும் என்றும் குறிக்கும். கவனிக்க வேண்டியது அந்தத் தேதியைத்தான். மருத்துவப் பரிசோதனை, விலக்கு மனு (தகுதிக் குறைவுக்கு விதிவிலக்கு கேட்பது), காலியிடம் மூன்றும் கூடி வருவதற்குள் தேதி கடந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதற்கான மருத்துவக் கோப்புகளை மனு மேலே போவதற்கு முன்பே திரட்டிவிடுவது நல்லது.

மூன்றாம் பகுதி, ஆள் சேர்ந்துவிட்டதைப் பழைய படைக்குத் தெரிவிப்பது. ரிசர்வ், நேஷனல் கார்டு எனும் பகுதிநேரப் படைகளின் வீரர்கள் இது போய்ச் சேர்ந்ததா என்று தாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சேராவிட்டால் பழைய யூனிட்டின் பட்டியலில் பெயர் நிற்கும், டிரில்லுக்கு (வழக்கமான பயிற்சி நாட்களுக்கு) வராதவர் என்று பதிவாகும்.

முழுநேரப் பணியில் ஒப்பந்தத்தின் நடுவில் இருப்பவருக்குச் சம்மதம் கிடைப்பது அரிது. ஒப்பந்தம் முடிந்து வெளியேறி, பிறகு புதிய படையில் சேர்வதே நடைமுறையில் பலருடைய வழி. அப்போது டி.டி. 214 என்ற பணிவிடுவிப்புச் சான்றின் 'மெம்பர் 4' பிரதி கையில் இருக்க வேண்டும். 'மெம்பர் 1' பிரதியில் மறுசேர்க்கைக் குறியீடும் (மீண்டும் படையில் சேரலாமா என்று காட்டும் எண்) வெளியேறிய காரணமும் இருக்காது. ரெக்ரூட்டருக்கு வேண்டியதே அவைதான். குறியீடு 1 என்றால் பொதுவாகத் தடையில்லை, 3 என்றால் விலக்கு தேவை, 4 என்றால் கதவு ஏறக்குறைய மூடியது.

சம்பளத்துக்கான பணிக்காலமும் 20 ஆண்டு ஓய்வூதியக் கணக்கும் படை மாறினாலும் தொடரும். இந்த ஏற்பாட்டின் ஆகச் சிறந்த அம்சம் இதுதான். ஆனால் ரேங்க் அப்படியே வரும் என்று நம்பிப் போகக் கூடாது. தெரிந்த தொழிலில் புதிய படைக்கு ஆள் தேவைப்படாவிட்டால் வேறு தொழிலுக்கு மறுபயிற்சி, சில சமயம் ஒரு படி இறக்கம். மரீன் படைக்குப் போகிறவர் வேறு எந்தப் படையிலிருந்து வந்தாலும் 13 வார அடிப்படைப் பயிற்சியை முதலிலிருந்து முடித்தாக வேண்டும். பேச்சில் சொன்னது எதுவும் செல்லாது. ரேங்கும் தொழிலும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால் மட்டுமே கையெழுத்துப் போடலாம்.

அதிகாரிகளின் பாதை வேறு. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 716-ஆம் பிரிவின்படி அவர்கள் வெளியேறாமலே நேரடியாக மாறலாம். மாறும் அதிகாரியின் சொந்த ஒப்புதல் கட்டாயம். மாற்றத்துக்கு முந்தைய நாள் இருந்ததைவிட உயர்ந்த ரேங்க் கிடைக்காது. பழைய படையில் ஆள் பற்றாக்குறையான துறையில் இருப்பவரைப் பொதுவாக விட மாட்டார்கள். மருத்துவர்களும் விமானிகளும் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, தங்கள் மேலதிகாரியிடம் முதலில் பேசிவிட்டே மனுவை எழுதத் தொடங்க வேண்டும்.