சிம்ஸ் 4 கரெக்டரை ‘எங்கட ஆக்கள் மாதிரி’ மாற்றித் தரும் கடைகள்: காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ

யாழ் நகரில் ஒரு கொம்பியூட்டர் கடையில் சிம்ஸ் 4 என்ற, ஆட்களை உருவாக்கி வாழவைத்து விளையாடுகிற கேமில் வருகிற கரெக்டரின் (ஆளின்) தோற்றத்தை மாற்றித் தருவதாகச் சொல்லி 7,500 ரூபா வாங்குகிறார்கள். கூறைச்சேலை, தாலிக்கொடி, கொண்டைக்கு மல்லிகைப் பூ, ஆம்பிளைக்கு நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற மாதிரி வேட்டி சால்வை. ‘தமிழ்த் தோல் நிறம்’ வேண்டுமென்றால் மேலதிகமாக 1,500. அங்கே லப்டொப்பைக் குடுத்து ஏமாந்த ஒரு தங்கச்சியின் சம்மதத்தோடு, அதைத் திறந்து பார்த்ததில் தெரிந்தவற்றை எழுதுகிறோம்.

முதலில் அந்த 1,500. சிம்ஸ் 4 இல் நூற்றுக்கு மேற்பட்ட புதிய தோல் நிறங்கள் 2020 டிசெம்பர் அப்டேட்டிலேயே எல்லாருக்கும் இலவசமாக வந்துவிட்டன. நிறத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்லைடரும் கூடவே வந்தது. அடிப்படை கேமே 2022 ஒக்டோபரில் இருந்து இலவசம். ஆக, உள்ளே சும்மா கிடக்கிற சாமானுக்குத்தான் தனி விலை.

சரி, காசை வாங்கிக்கொண்டு என்ன போட்டார்கள் என்று பார்த்தால், மொட்ஸ் ஃபோல்டரில், அதாவது வெளியாட்கள் செய்த சேர்க்கைகளை (மொட்களை) போடுகிற இடத்தில், மூன்று ‘டிபோல்ட்’ ஸ்கின் (தோல்). டிபோல்ட் ஸ்கின் என்பது கேமில் உள்ள எல்லாச் சிம்மின், அதாவது எல்லா ஆட்களின், தோலையும் மாற்றிவிடும். அதனால் ஒன்றுதான் இருக்க வேண்டும். மூன்று இருந்தால் முகத்துக்கு ஒன்று, உடம்புக்கு வேறொன்று என்று இழுபடும். இந்த லப்டொப்பில் மணமகளின் கழுத்தைச் சுற்றிக் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு மேலே முகம் வெளிறல், கீழே கைகள் மாநிறம். ஒரு ஆளுக்கு மட்டும் நிறம் மாற வேண்டுமென்றால் டிபோல்ட் அல்லாத ஸ்கின், அல்லது ஸ்கின் டீற்றெயில் பகுதியில் வரும் ஓவர்லே (தோலுக்கு மேலே படிகிற படலம்) போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாதவர் இந்த வேலைக்குக் காசு வாங்கக் கூடாது.

கூறை நிற்கும்போது வடிவாகத்தான் இருக்கிறது. கதிரையில் இருத்தினால் முழங்கால் இரண்டும் கொசுவத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மெஷ்ஷின், அதாவது உடையின் முப்பரிமாண வடிவத்தின், எந்தப் பகுதி ஆளின் எந்த எலும்போடு சேர்ந்து அசைய வேண்டும் என்பது சரியாகக் குடுக்கப்படவில்லை. கமெராவைப் பின்னுக்கு இழுத்தால் பூவும் கொண்டையும் மறைந்து தலை மொட்டையாகிவிடும். தூரத்தில் காட்டுவதற்கான எளிய மெஷ்களை, அதாவது எல்ஓடிகளை, செய்தவர் சேர்க்காததால் வருகிற பழுது அது. இதைவிடப் பெரிய கூத்து, கூறையை எல்லா உடை வகைகளிலும் டிக் பண்ணி, கேம் தானே எந்த ஆளுக்கும் உடுத்திவிடுகிற ‘ரான்டம்’ அனுமதியையும் திறந்து விட்டிருந்தார்கள். ஜிம்மில் ஓடுகிற பெண்கள் பாதிப்பேர் கூறையோடு ஓடுகிறார்கள். (ஊரே ஒரு முகூர்த்தத்தில் கலியாணம் கட்டின மாதிரி!) சிம்ஸ் 4 ஸ்டூடியோ என்ற இலவசச் செயலியில் கூறையின் பக்கேஜ் ஃபைலைத் திறந்து, ரான்டம் என்று வருகிற இரண்டு டிக்கையும் எடுத்து, ‘ஃபோர்மல்’ வகையை மட்டும் விட்டால் இது நின்றுவிடும். ஐந்து நிமிட வேலை.

இதெல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாமல் போனது சேவ், அதாவது விளையாடிச் சேமித்து வைத்த கேம். கடைக்காரர் தங்கட ‘த சிம்ஸ் 4’ ஃபோல்டரை டொகுமென்ட்ஸுக்குள் இருந்ததன் மேல் அப்படியே கொப்பி பண்ணியிருக்கிறார்கள். கேம் ஒவ்வொரு சேவுக்கும் ஐந்து பழைய பிரதிகளை, வெர்0 இலிருந்து வெர்4 வரை, அதே சேவ்ஸ் ஃபோல்டருக்குள்தான் வைத்திருக்கும். ஃபோல்டரே மாறினால் அவையும் போய்விடும். அந்தப் பிள்ளை மூன்று தலைமுறையாக வளர்த்த குடும்பம் அதில்தான் இருந்தது.

மொட்ஸுக்குள் இரண்டு டிஎஸ்4ஸ்கிரிப்ட் (.ts4script) ஃபைல்களும், அதாவது கேமோடு சேர்ந்து ஓடுகிற நிரல்களும், இருந்தன. தோல், முடி, உடை எல்லாம் பக்கேஜ் ஃபைலோடு முடிகிற விஷயங்கள். சேலைக்கு ஸ்கிரிப்ட் எதற்கு? 2024 தொடக்கத்தில் பேர்போன மொட் தளங்களிலேயே தீம்பொருள் வைத்த ஸ்கிரிப்ட்கள் பிடிபட்டன. உடை என்று தந்த பொதிக்குள் ஸ்கிரிப்டோ இஎக்ஸ்இயோ (.exe) இருந்தால் திறக்காமல் அழியுங்கோ. ஏற்கெனவே கேம் ஓடியிருந்தால் வைரஸ் ஸ்கேன் பண்ணி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களை வேறு கருவியில் இருந்து மாற்றுங்கோ.

முகத்தை மாற்றக் கடையே தேவையில்லை. வீட்டுக் கண்ணாடியில் கிளிக் பண்ணினால் முடி, மேக்கப், உடை மட்டுந்தான் மாறும். மூக்கு, தாடை, உடம்பு மாறாது. அதற்குக் கொன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் ஒன்றாக அமத்துங்கோ. மேலே வருகிற பெட்டியில் ‘டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ’ (testingcheats true) என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர். பிறகு ‘காஸ்.ஃபுல்எடிட்மோட்’ (cas.fulleditmode), இடையில் புள்ளி, இடைவெளி இல்லை. ஷிஃப்டை அமத்தியபடி சிம்மைக் கிளிக் பண்ணி ‘மொடிஃபை இன் காஸ்’ (காஸ் என்பது ஆளை உருவாக்குகிற திரை) எடுத்தால் எல்லாம் திறக்கும். மூக்கைப் பிடித்து இழுத்தாலே மாறும். பக்கவாட்டில் திருப்பியும் ஒருக்கால் இழுங்கோ, முன்னால் தெரியாத நீளம் அங்கேதான் இருக்கும். ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளின் முகம் இதனால் மாறாது.

பிளேஸ்டேஷனுக்கும் கூறை போட்டுத் தருவதாக அதே கடை சொல்கிறதாம். கொன்சோலில் மொட் போட வழியே கிடையாது.

விற்ற உடைகளும் அவர்களுடையவை அல்ல. ஃபைல் பெயர்களில் செய்தவர்களின் பெயர் அப்படியே இருக்கிறது. தேடிப் பார்த்தால் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. சிம்ஸை வெளியிடுகிற நிறுவனமான ஈஏ 2022 இல் மொட் செய்பவர்களுக்குச் சொன்ன விதியும் அதுதான்: காசு குடுத்து ஆதரிப்பவர்களுக்குக் கொஞ்சக் காலம் முந்திக் குடுக்கலாம், பிறகு எல்லாருக்கும் இலவசமாக விட வேண்டும்.

எப்படியும் கடையில்தான் குடுக்கப் போகிறீர்களென்றால் சேவ்ஸ், ட்ரே (உருவாக்கிய ஆட்களையும் வீடுகளையும் சேமித்து வைக்கிற ஃபோல்டர்), மொட்ஸ் மூன்றையும் முதலே பென்ட்ரைவில் எடுத்து வையுங்கோ. ட்ரேயை மட்டும் தந்து ‘எல்லாம் இதுக்குள்ள இருக்கு’ என்றால் நம்பாதேங்கோ. ட்ரேயில் ஆள் இருக்கும், மொட்டாகப் போட்ட உடையும் முடியும் இராது.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு அந்தக் கடையின் பதில்: “அப்டேட் வந்து பழுதாப் போச்சு, திரும்பப் போட 3,000.” ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் கேம் தானாகவே மொட்களை நிறுத்திவிடும். கேம் ஒப்ஷன்ஸ், அதற்குள் ‘அதர்’, அங்கே கஸ்டம் கொன்டென்ட் என்ற பெட்டியில் டிக் போட்டுக் கேமை மூடித் திறந்தால் திரும்ப வரும். ஸ்கிரிப்ட் பெட்டியைத் தொடாமல் விடுங்கோ.