முத்ராவில் 35% மானியம்: நான் 33,250 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது

பாதியில் படிப்பதை நிறுத்துகிறவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முத்ரா என்பது சிறு தொழில் செய்கிறவர்களுக்கு வங்கிகள் வழியாகக் கடன் கிடைக்க மத்திய அரசு நடத்தும் திட்டம். அந்த முத்ரா கடனில் மானியம் கிடையாது. முத்ராவுக்கு ஏஜென்ட் கிடையாது. கடன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் எவருடைய கணக்குக்கும் நீங்கள் முன்பணம் போட வேண்டியதில்லை. 2025 மே மாதம் இந்த மூன்றும் எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் கதை. மீதியையும் படித்தால் எப்படி விழுந்தேன் என்று தெரியும்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை சீசன். தண்ணீர் நன்றாக விழும் சனி, ஞாயிறுகளில் ரூம் கிடைக்காமல் ரோட்டோரம் வேனிலேயே படுத்துக் கிடப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறோம். எங்கள் மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. தெரிந்த ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் ஒவ்வொரு சீசனிலும் வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, மாடியக் குடுத்தா என்ன? நான் ஆள் கொண்டாந்து விடுதேன்" என்பார். செய்யலாம்தான். ஒரு பாத்ரூம், கீசர், கட்டில் மெத்தை, வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு வேண்டும். கொத்தனார் கணக்குப் போட்டு எல்லாம் சேர்த்து 4 லட்சம் என்றார்.

2025 பிப்ரவரி 1 அன்று மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு, அதாவது குடியிருக்கும் வீட்டிலேயே சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை விடுவதற்கு, முத்ரா கடன் தரப்படும் என்று அறிவித்தார்கள். டிவியில் பார்த்ததும் நமக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. அடுத்த வாரமே என் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனேன். "சர்க்குலர் இன்னும் வரலை, அடுத்த மாசம் வாங்க." மார்ச்சில் போனேன். "இயர் எண்டிங் சார், ஏப்ரல்ல வாங்க." ஏப்ரலில் மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் இன்னும் வரவில்லை. கடன் பிரிவில் இருந்தவர் என் பேப்பரை வாங்கி ஒரு ஃபைலுக்குள் செருகினார். அது எந்த ஃபைல் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. ஆகும் என்றும் சொல்லவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மோசடிக்காரன் நுழைந்த வாசல் இதுதான். இங்கே யாராவது ஒருவர் உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் நான் செல்போனில் தேடியிருக்கவே மாட்டேன்.

தேடினேன். மேலேயே ஒரு விளம்பரம் வந்தது. சிங்க முத்திரை, பிரதமர் படம், 'ஹோம்ஸ்டே மானியக் கடன், 48 மணி நேரத்தில் ஒப்புதல்' என்று எழுத்து. பெயரையும் நம்பரையும் போட்டுவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. மூன்று மாதம் நடந்து கிடைக்காத பதில் மூன்று நிமிடத்தில் கிடைத்தது. ஒரு பெண். நல்ல தமிழ், அத்தனை மரியாதை. "சார், உங்களுக்கு எவ்வளவு தேவை?" 4 லட்சம் என்றேன். "8 லட்சமா போடுங்க சார். முத்ராவில் கிராமப்புறத்துக்கு 35% மானியம். 2,80,000 ரூபாய் நீங்க திருப்பிக் கட்டவே வேண்டாம். தொழில் நல்லாப் போனா 20 லட்சம் வரைக்கும் இப்பவே வாங்கலாம்."

இந்த ஒரு பேச்சில் எத்தனை நிஜத் திட்டங்களைப் பிய்த்து ஒட்டியிருந்தாள் என்று பிறகுதான் புரிந்தது. 35% என்பது பொய்யான எண் இல்லை. அது பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் இருக்கிறது. கதர் கிராமத் தொழில் ஆணையம் தலைமையில் நடப்பது. இங்கே மாவட்டத் தொழில் மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அதில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25%, பெண்கள், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் போன்ற சிறப்புப் பிரிவுகளுக்கு 35% மானியம். அந்த மானியமும் கையில் வராது. வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாகக் கிடந்து, தொழில் நிஜமாக நடந்தால் கடனில் கழியும். 20 லட்சமும் நிஜம்தான், ஆனால் அது முத்ராவின் 'தருண் பிளஸ்'. ஏற்கெனவே தருண் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு மட்டும். முதல் முறை கேட்கிற எனக்கு 50,000 வரை சிஷு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண், அவ்வளவுதான். பேப்பரில் எங்கோ படித்த எண்கள் எல்லாம் அவள் வாயில் வந்ததால்தான் நம்பினேன். முழுப் பொய் சொல்கிறவனைக் கண்டுபிடித்துவிடலாம். இப்படி அங்கங்கே நிஜத்தைத் தூவிப் பேசுகிறவளை என்ன செய்வது?

முதல் தொகை 2,950 ரூபாய், 'ஃபைல் சார்ஜ்'. 2,500க்கு 18% ஜிஎஸ்டி. பில்லும் அனுப்பினார்கள். ஜிஎஸ்டி போட்டு பில் தருகிறவன் திருடனாக இருப்பானா என்று வீட்டில் நானே வாதாடினேன். அந்த ஜிஎஸ்டி எண்ணைப் பிற்பாடு எண்ணிப் பார்த்தேன். 15 எழுத்து இருக்க வேண்டும். இருந்தது 14.

இரண்டாவது 11,800. உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவுக்கும் திட்ட அறிக்கைக்கும் சேர்த்து. ஆதார் எண்ணும் பான் எண்ணும் கேட்டார்கள், சொன்னேன். ஓடிபி வந்தது, அதையும் சொன்னேன். அரை மணி நேரத்தில் உத்யம் சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அரசு இணையதளத்தில் என் பெயர் வருகிறது. அதாவது சான்றிதழ் அசல்! அந்த ராத்திரி எனக்கு இருந்த சந்தேகம் எல்லாம் போய்விட்டது. ஆனால் உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் முழுக்க இலவசம். எந்த ஆவணமும் ஏற்ற வேண்டாம், நாமே விவரம் சொல்லிப் பதிந்துகொள்வதுதான். வெறும் ஆதாரையும் பானையும் வைத்து யாரும் பத்து நிமிடத்தில் எடுக்கக்கூடிய சான்றிதழைக் காட்டி என்னை மடக்கிவிட்டார்கள். இதில் இன்னொரு கூத்து, என் தொழில் என்று துணி வியாபாரத்தைப் போட்டு, அவர்களுடைய செல் நம்பரையும் மின்னஞ்சலையும் கொடுத்திருந்தார்கள். திட்ட அறிக்கை என்று வந்த 22 பக்கத்தில் என் பெயரைத் தவிர வேறு எதுவும் என்னுடையது இல்லை. ஒரு பக்கத்தில் கோழிப்பண்ணை என்றே இருந்தது.

அதைப் படித்தும் நான் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். 14,750 ரூபாய் உள்ளே போய்விட்டது, அதுதான் காரணம். இப்போது விட்டால் அதுவும் போச்சே என்கிற பயம்.

ஜூன் முதல் வாரம் ஒப்புதல் கடிதம் வந்தது. முத்ரா சின்னம், சிங்க முத்திரை, ரவுண்டு சீல், கையெழுத்து எல்லாம் உண்டு. 8 லட்சம் ஒப்புதல், மானியம் 2,80,000. கூடவே போன். "லோன் இன்சூரன்ஸ் 18,500 கட்டிட்டா நாளைக்கே கணக்குல ஏறிடும் சார்." கட்டினேன். சீசன் ஆரம்பித்துவிட்டது, கொத்தனாருக்கு வேறு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். ஜாமீன் சொத்து இல்லாத முத்ரா கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி ஒன்று தனியாக இருக்கிறது. அதற்கும் நம் வீட்டு வாசலுக்கும் சம்பந்தமே இல்லை, அது வங்கிக்கும் அந்த நிதிக்கும் நடுவே நடப்பது. பல வங்கிகள் சின்னக் கடன்களுக்குச் செயல்பாட்டுக் கட்டணம்கூட வாங்குவதில்லை.

அடுத்த நாள் பணத்துக்குப் பதிலாகப் போன்தான் வந்தது. மானியத்தில் 10% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, 28,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். அதோடு சுற்றுலாத் துறையில் '3 ஸ்டார் ஹோம்ஸ்டே' சான்றிதழும் 25,000க்கு வாங்கித் தருகிறோம் என்றார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டில் ஸ்டாரே கிடையாது. கோல்டு, சில்வர் என்று இரண்டு வகைதான். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும், ஒன்று முதல் ஆறு அறை வரை விடலாம்.

28,000 கையில் இல்லை. வளையலை வைக்கலாமா என்று வீட்டில் கேட்டேன். அவள் கழற்றவில்லை. "கடன் குடுக்கவன் நம்மகிட்ட எதுக்கு ரூவா கேக்கான்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள். நான் பி.காம்.

மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். புது மேனேஜர் வந்திருந்தார், ஒரு அம்மா. கடிதத்தை முழுதாகக்கூடப் படிக்கவில்லை. "முத்ரா நேரடியா யாருக்கும் கடன் குடுக்காது சார். வங்கிகளுக்கு மறுநிதி குடுக்கிற அமைப்பு அது. உங்களுக்குக் கடன் குடுக்க வேண்டியது நாங்கதான்" என்றார். இதே மாதிரிக் கடிதத்தோடு அந்த மாதம் நான் மூன்றாவது ஆளாம்.

அங்கிருந்தே 1930க்குப் போன் செய்தேன். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் போன உடனே கூப்பிட்டால்தான் அது அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடியும் என்றார்கள். என்னுடைய முதல் தொகை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசியாகப் போன 18,500இல் கொஞ்சம் மட்டும் அந்தக் கணக்கில் நின்றிருக்கிறது, அதை முடக்கியிருக்கிறார்கள். கைக்கு இன்னும் வரவில்லை. மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் எழுதிக் கொடுத்தேன். எல்லா ஸ்கிரீன்ஷாட்டும், யுபிஐ பரிவர்த்தனை எண்களும் கேட்டார்கள். வெட்கத்தில் பாதி உரையாடலை அழித்துவிட்டேன். நீங்கள் அழிக்காதீர்கள்.

போன பணத்தைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஆதார், பான், காசோலைப் படம் எல்லாம் அவர்கள் கையில் இருப்பது. ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்தேன். நம் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். என் பெயரில் வேறு யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்தேன், இதுவரை இல்லை. உத்யம் பதிவில் இருந்த துணி வியாபாரத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு. மாற்ற வேண்டுமென்றால் ஓடிபி அந்தத் திருடனின் போனுக்குப் போகிறது! மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு அலுவலர் உட்கார்ந்து வழி சொன்னார், இரண்டு நடையில் சரியானது. அதற்குப் பைசா வாங்கவில்லை. அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

கடனுக்கு இப்போது அந்த மேனேஜர் அம்மா கேட்டது என்ன தெரியுமா? ஆதார், பான், திருத்திய உத்யம், வீட்டு வரி ரசீது, ஆறு மாத வங்கிக் கணக்கு, பாத்ரூம் வேலைக்கும் கட்டிலுக்கும் கொட்டேஷன். ஒரு வெள்ளைத்தாளில் எத்தனை நாள் ரூம் போகும், என்ன வாடகை என்று நானே எழுதிய கணக்கு. 22 பக்கம் எதுவும் வேண்டாமாம். வங்கிக்குப் போக முடியாதவர்கள் ஜன் சமர்த் தளத்திலும் விண்ணப்பிக்கலாம். 2022 ஜூனில் ஆரம்பித்த மத்திய அரசுத் தளம் அது, முத்ராவும் பி.எம்.இ.ஜி.பி.யும் அதில் இருக்கின்றன. அதன் முகவரி 'ஜன்சமர்த் டாட் இன்' (jansamarth.in). அதைத் தவிர, முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியாத மற்ற எதிலாவது ஆதார் எண்ணைக் கேட்டால், முடிந்தவரை வெளியே வந்துவிடுங்கள். எழுத்து ஒரே மாதிரி இருக்கும், சிங்கமும் இருக்கும், கடைசி வாலை மட்டும் பாருங்கள்.

கிஷோரில் 4 லட்சம் கேட்டிருக்கிறேன். அந்த சீசன் போய்விட்டது. மாடியில் கொத்தனார் பாதியில் விட்ட படிக்கட்டு நான்கு படியோடு நிற்கிறது, பேரன் அதில் ஏறிக் குதிக்கிறான்.

ஆகஸ்டில் இன்னொரு போன் வந்தது. குரல் வேறு. சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், நீங்கள் ஏமாந்த 33,250 மீட்கப்பட்டுவிட்டது, 1,999 கட்டினால் கணக்கில் விட்டுவிடுவோம் என்றார்கள். ரூபாய் கணக்கு அத்தனை துல்லியமாக யாருக்குத் தெரியும்? வாங்கினவனுக்குத்தான். ஏற்கெனவே ஏமாந்தவனின் நம்பருக்கு இப்படி இரண்டாவது முறை அடிப்பார்கள், எதிர்பார்த்து இருங்கள்.

அந்த ஒப்புதல் கடிதத்தை மேனேஜர் அம்மா ஜெராக்ஸ் எடுத்து, 'இது போலி' என்று சிவப்பில் எழுதி, கவுண்டருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறார். என் பெயரை மார்க்கரால் அடித்திருக்கிறார்கள். சரியாக அடிக்கவில்லை. டியூப் லைட் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் நன்றாகவே படிக்க முடிகிறது.