180 ரூபாய் ரீஃபண்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பார்க் நன்றாகத்தான் இருந்தது. சறுக்குகள் ஓடின, அலைக்குளத்தில் அலை வந்தது, கழிப்பறை சுத்தமாக இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது, வெளியே வரும் வழியில் 'ரீஃபண்ட்' என்று எழுதியிருந்த ஒரு சின்ன ஜன்னலைப் பற்றி. எந்தப் பார்க் என்று கேட்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் தாண்டி கேரளாவுக்குள் எங்கோ ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் வீடு மீனாட்சிபுரத்தில். ரேஷன் கார்டு கேரளா, சந்தை பொள்ளாச்சி, சினிமா எந்தப் பக்கம் நல்ல படமோ அந்தப் பக்கம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. மே மாதம் வந்தால் ஒருநாள் மலம்புழா அணை. மற்ற எது தவறினாலும் இது தவறாது. அப்போது மீட்டர்கேஜ் ரயில். முதலமடை ஸ்டேஷன் ஆலமரங்கள், கொல்லங்கோடு, புதுநகரம், பிறகு பாலக்காடு டவுனில் இறங்கி பஸ். தூக்குப்போசியில் புளிசோறு, இன்னொன்றில் தயிர்சோறு, தனியாகப் பொட்டலத்தில் உருளைக்கிழங்கு வறுவல். அதைப் பத்து மணிக்கே தின்று தீர்த்துவிட்டு மத்தியானம் வெறும் தயிர்சோற்றை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

தாத்தா இருந்தவரை, அணையைப் பார்த்ததும் "நம்ம காமராஜர் தொறந்து வெச்ச டேமு" என்று தொடங்கிவிடுவார். பொய்யில்லை. 1955-இல் திறக்கும்போது மலபார் முழுக்க சென்னை மாநிலத்தில் இருந்தது, காமராஜர் முதலமைச்சர். அடுத்த வருடமே மொழிவாரி மாநிலம் வந்து அணை கேரளாவுக்குப் போய்விட்டது. தாத்தா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்த நிர்வாண யட்சி சிலை இருக்கிறதே, அதன் பக்கத்தில் வந்தால் அம்மா எங்கள் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார். அப்பாவுக்குச் செருப்பு வார் சரியாக அங்கே வந்துதான் கழன்றுகொள்ளும்.

பிறகு 2000-இல் கொச்சிப் பக்கம் பள்ளிக்கரையில் வீகாலேண்ட் வந்தது. இப்போது அதன் பெயர் வொண்டர்லா. எங்கள் டிவிக்குக் கீழே இருந்த வீ-கார்டு ஸ்டெபிலைசர்காரர்களே கட்டியது என்பதால் அப்பாவுக்கு நம்பிக்கை. வேன் பிடித்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். குதிரான் மலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சாஸ்தா கோயிலில் டிரைவர் காசு போட்ட பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. இப்போது அந்த மலைக்கு அடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுரங்கப்பாதை; 2021-இல் திறந்தார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விடுகிறோம். பார்க் வாசலில் உயரம் பார்த்து டிக்கெட். அரை டிக்கெட் வாங்க அப்பா என் தங்கையை முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்கச் சொன்னார். உயரம் குறைந்தால் பெரிய ராட்டினத்தில் ஏற்றமாட்டார்களோ என்று அவள் குதிகாலைத் தூக்கி எக்கி நின்றாள். முழு டிக்கெட் ஆயிற்று. அந்தக் கணக்கு இன்றுவரை எங்கள் வீட்டில் தீரவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பயணங்கள் அத்தனையும் அப்பாவின் பனியன் பைக்குள் மடித்து வைத்த நோட்டுகளில் நடந்தவை. டிக்கெட், டீ, கடலை, பஸ், கடைசியில் அழுகிற பிள்ளைக்கு ஒரு பலூன், எல்லாம் அந்தப் பையிலிருந்து வரும். பை காலியானால் வீட்டுக்குக் கிளம்புவோம்.

நான் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். மகனை மே மாதம் ஊருக்குக் கூட்டிவர முடியாது. ஜெர்மனியில் பள்ளி நாளில் காரணமில்லாமல் பிள்ளையை நிறுத்தினால் அபராதம் போடுவார்கள். எங்கள் மாநிலத்தில் பெரிய லீவு ஜூலைக் கடைசியில் தொடங்குகிறது. ஆக, மே மாத வெயிலில் செய்ய வேண்டியதை ஆகஸ்ட் சாரலில், பல் கிட்டிக்கச் செய்தோம். மகனுக்கு அதுவும் பிடித்திருந்தது.

அவனுக்குத் தெரிந்த பார்க் வேறு. எங்கள் வீட்டிலிருந்து பக்கத்தில் டிரிப்ஸ்டிரில் இருக்கிறது. 1929-இல் தொடங்கியது, ஜெர்மனியிலேயே பழைய பொழுதுபோக்குப் பூங்கா என்று சொல்லிக்கொள்வார்கள். ஒரு காற்றாலைக்குள் சறுக்கு வைத்திருக்கிறார்கள். கிழவி உள்ளே போனால் குமரியாக வெளியே வருவாள் என்று கதை. அந்தக் கதையை நான் நம்பியது இந்த ஆகஸ்டில்தான். நாங்கள் போன பார்க்கில் பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக்கூடாது, நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்குமாம், நைலான்தான். அந்தக் காலத்தில் அம்மா சேலையோடு மரத்தடியில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருப்பார். இந்தத் தடவை வாசல் கடையில் ஊதா நிற நைலான் உடுப்பு ஒன்றை எடுத்து, "இது எனக்குச் சேருமா?" என்று மருமகளிடம் கேட்டுவிட்டு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குளத்துக்குள் போனவர்தான், மூன்று மணிக்கு விசில் அடித்துக் கூப்பிட்டுத்தான் வெளியே வந்தார்.

சரி, ஜன்னலுக்கு வருவோம்.

உள்ளே எந்தக் கடையிலும் காசு வாங்கமாட்டார்கள். நுழையும்போதே கையில் ஒரு பட்டை கட்டி, அதில் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். என் ஜெர்மன் கார்டை மிஷினில் செருகினார்கள், சர்வர் டவுன். பரவாயில்லை, 2,000 ரூபாயைக் காசாக வாங்கிக்கொண்டார்கள். மொபைல் நம்பர் கேட்டார்கள். என் நம்பர் 49-இல் தொடங்குகிறது, அவர்கள் திரையில் பத்து இலக்கத்துக்குத்தான் கட்டம். மாப்பிள்ளையின் நம்பரைக் கொடுத்தேன். தங்கை வீட்டுக்காரரைச் சொல்கிறேன். பட்டை தயார், உள்ளே போனோம், பரோட்டா தின்றோம், ஐஸ்கிரீம் தின்றோம். வெளியே வரும்போது பட்டையில் 180 ரூபாய் மிச்சம்.

ஜன்னலில் ஒரு பெண் இருந்தார். "நம்பர் பறயூ சேட்டா." சொன்னேன். "ஜிபே ஆணோ?" என் நம்பர் இல்லை, காசாகக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "கேஷ் இல்லா சேட்டா, ஆன்லைன் மாத்ரம்." காசாக வாங்கிக்கொண்டதைக் காசாகத் தரமாட்டார்களாம். அப்படியானால் அந்த நம்பருக்கே அனுப்புங்கள் என்றேன். அனுப்பலாம், ஆனால் முதலில் அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி போகும், அதை நான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை அப்போது கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரி ஷிஃப்டில். அங்கே வாசலிலேயே ஃபோனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓடிபி போனது, பெட்டிக்குள்ளேயே காலாவதியானது. இன்னொன்று போனது. அதுவும்.

உள்ளே போய் 180 ரூபாய்க்கு ஏதாவது வாங்கிக்கொள்கிறேன் என்றால், வெளியே வந்த சுழல்கம்பி ஒரு பக்கம்தான் சுற்றும். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாமா என்றால், மிச்சப் பணம் அன்று இரவோடு செத்துவிடும். என் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக ஃபோனை நீட்டி, 'டிங்' கேட்டு, போய்க்கொண்டே இருந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன்.

வெளிநாட்டில் இருப்பவனுக்கு யுபிஐ ஏன் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யுபிஐ வேண்டுமானால் வங்கிக் கணக்கோடு சேர்த்த மொபைல் நம்பர் வேண்டும். ஏர்போர்ட்டில் வாங்கிய சிம் அதற்கு உதவாது. என் பழைய இந்திய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது போய், இப்போது திருப்பூரில் யாரோ வைத்திருக்கிறார். அழைத்தால் மரியாதையாகத்தான் பேசுகிறார். 2023 ஜனவரியில் வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று பத்து நாடுகளை அறிவித்தார்கள். சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சில வளைகுடா நாடுகள் என்று பட்டியல் போகும். ஜெர்மனி அதில் இல்லை. துபாய்க்காரனுக்கு உண்டு, எனக்கு இல்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், நான் வாழும் ஊரில் இன்றைக்கும் பேக்கரியில் 'கார்டு கிடையாது' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட் வாங்குவார்கள். காலிப் பாட்டிலை எந்தக் கடை மிஷினில் போட்டாலும் ஒரு சீட்டு வரும், அதைக் காட்டினால் கல்லாவில் சில்லறை எண்ணித் தருவார்கள். நீ யார், உன் நம்பர் என்ன, உன் மாப்பிள்ளை எந்த ஷிஃப்ட் என்று கேட்பதில்லை. அங்கே என்னை நச்சரிக்கும் அந்தச் சில்லறைக்கு இங்கே மனம் ஏங்கியது. பார்க் வாசலில் வேர்க்கடலை விற்கும் பாட்டிகூடத் தட்டில் க்யூஆர் அட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறார். காசு கொடுத்தேன். சில்லறை இல்லை என்று இன்னொரு பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

180 ரூபாய் என்றால் இரண்டு யூரோகூட இல்லை. "விட்டுட்டு வாங்க, பையன் நடுங்கறான்" என்று மனைவி சொல்லிவிட்டாள். விட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து அம்மாவின் பட்டன் ஃபோனில் அப்பா அழைத்தார். முட்டிவலி என்று அவர் வரவில்லை. என்ன ஏது என்று கேட்டவர், "நம்ம காசுடா அது. வாங்காம வராதே" என்று வைத்துவிட்டார். பனியன் பைக்காரரிடம் வேறு என்ன பதில் வரும்? மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன்.

மேனேஜர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சண்டையைத் தொடங்கினேன். கோபம் வந்தால் எனக்கு மலையாளம் போய்விடும், நடுவில் தமிழுக்கு மாறிவிட்டேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணா, நீங்க எந்தூருங்க?"

"மீனாட்சிபுரம்."

"அட, நான் கொழிஞ்சாம்பாறைங்க. முன்னாடியே தமிழ்ல சொல்லியிருக்கலாமுங்களே!"

கொழிஞ்சாம்பாறையும் எங்கள் சித்தூர் தாலுகாதான். இவ்வளவு நேரம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மலையாளத்தில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தோம். (அவருடைய மலையாளம் என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு மேல், அதை ஒத்துக்கொள்கிறேன்.) அவர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, காலடியில் இருந்த தன் கைப்பையைத் திறந்தார். ஒரு நூறு, ஒரு ஐம்பது, மூன்று பத்து. எண்ணி ஜன்னல் வழியாகத் தள்ளினார். "பத்து மணி வரைக்கும் இங்கதானுங்க இருப்பேன். உங்க மாப்பிள்ளை ஷிஃப்ட் முடிச்சு ஃபோன எடுத்ததும் ஓடிபியச் சொல்லச் சொல்லுங்க. அந்தப் பணம் அவருக்கு வந்ததும் எனக்கு ஜிபே பண்ணிடட்டும்."

நான் யாரென்று அவருக்குத் தெரியாது. ஊர்ப் பெயர் ஒன்றைத்தான் சொன்னேன். அத்தனை சாஃப்ட்வேர் கேட்ட அத்தாட்சி எதையும் அவர் கேட்கவில்லை. என் ஊர் பேக்கரியில் கல்லாவில் நிற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தன் பர்ஸைத் திறக்கமாட்டார். திறக்க வேண்டிய நிலையும் அங்கே வராது. இதில் எது தேவலாம் என்று கார் கொடுவாயூர் தாண்டும் வரை மனைவியோடு விவாதம். அவளுக்கு ஸ்டுட்கார்ட், எனக்கு அன்றைக்கு மட்டும் கொழிஞ்சாம்பாறை. மகன் அப்பத்தா மடியில் தூங்கிவிட்டான்.

ராத்திரி ஏழரைக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். தெரியாத இடத்திலிருந்து ஓடிபியாக வந்திருக்கிறதே, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து ஃபோனையே அணைத்து வைத்திருந்தாராம். விளக்கிச் சொல்லி, ஜன்னல் பெண்ணோடு பேச வைத்து, 180 ரூபாய் மாப்பிள்ளைக்கு வந்து, அவரிடமிருந்து அந்தப் பெண்ணுக்குப் போனது. நான் அந்த 180-ஐ மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்று அம்மா கொஞ்ச நேரம் குழம்பினார். அப்பா தாளில் கணக்குப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்று தீர்ப்பு சொன்னார்.

அடுத்த வருடம் இந்தப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் பட்டையில் மொத்தமாக ஏற்றாதீர்கள், இருநூறு இருநூறாக ஏற்றுங்கள். சுழல்கம்பியைத் தாண்டும் முன்பே மிச்சத்தைத் தின்று தீருங்கள். நம்பர் கொடுப்பதென்றால், பகலில் ஃபோனும் கையுமாக இருக்கும் ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். ரிட்டயர் ஆன பெரியப்பா யாராவது இருந்தால் உத்தமம். வரும் ஓடிபியை அவர் பத்திரமாகத் தாளில் எழுதியும் வைப்பார்.