ஈவினிங் பிரிம்ரோஸ் டிவிடி: நாலு பாட்டுக்காகவே வாங்கலாம்

வெளியுலகமே வேண்டாமென்று நியூயார்க்கின் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள் ஒளிந்து வாழும் கூட்டம். இரவுக் காவலாளி வந்தால் துணிக்கடை பொம்மைபோல அசையாமல் நின்றுவிடுவார்கள். அவர்களிடம் வந்து சேரும் கவிஞன் சார்லஸாக ஆந்தணி பெர்கின்ஸ். ஜான் காலியரின் சிறுகதையை ஜேம்ஸ் கோல்ட்மன் நாடகமாக்க, பாட்டும் மெட்டும் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம். இந்தத் தொலைக்காட்சி இசைநாடகம் 1966 நவம்பர் 16 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியின் 'ஸ்டேஜ் 67' வரிசையில் வந்தது.

இருப்பது நாலே பாட்டு. அதில் 'ஐ ரிமெம்பர்' அபாரம். ஆறு வயதில் தொப்பிப் பிரிவில் தூங்கிப்போன எலா, பதின்மூன்று வருடமாக அங்கேயே வேலைக்காரியாகக் கிடக்கிறாள். வெளியே பார்த்ததை அவள் நினைவுகூரும்போது வந்து விழும் உவமைகளைக் கவனியுங்கள்: வானத்துக்கு மை, பனிக்கு இறகு, இலையுதிர்ந்த மரத்துக்குக் கோட் ஸ்டாண்டும் உடைந்த குடையும். எல்லாமே கடைச் சரக்கு! அவள் வளர்ந்த இடம் எதுவென்று தனியாக ஒரு வசனமும் தேவைப்படவில்லை. எலாவாக வரும் சார்மியன் கார் துளியும் மிகையில்லாமல் பாடுகிறார். 'வென்' பாட்டும் கெட்டிக்காரத்தனமானது. சுற்றிலும் சீட்டாட்டம் நடக்க, காதலர்களான சார்லஸும் எலாவும் மனசுக்குள்ளேயே பாடிக்கொள்கிறார்கள். பெர்கின்ஸின் குரலில் கனம் போதாது, ஆனால் பேச்சுப்போல ஓடும் தொடக்கப் பாட்டுக்கு அதுவே பொருந்துகிறது.

குறை, அந்தக் கூட்டத்தைக் காட்டிய விதத்தில். ரகசியம் கசிந்தால் வந்து ஆட்களைப் பொம்மையாக்கிவிடும் 'டார்க் மென்' பற்றிய பயம் ஊறுவதற்குள் கதை முடிவுக்கு ஓடிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நீளத்தின் விளைவு இது.

ஒளிபரப்பானது வண்ணத்தில், 2010இல் வந்த டிவிடியில் இருப்பது கறுப்பு-வெள்ளைப் பிரதி. படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் ஆளும் பொம்மையும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரிவது இந்தக் கதைக்கு நல்லதாகவே போயிற்று. டிவியில் விகிதத்தை 4:3க்கு மாற்றுங்கள், இல்லையென்றால் முகங்கள் அகன்றுவிடும். ஷார்ப்னஸைக் குறையுங்கள், மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். முன்னது கூடினால் பழைய பிரதியின் புள்ளிகள்தான் துருத்திக்கொண்டு தெரியும், பின்னது அசைவைச் செயற்கையாக வழுக்க வைக்கும்.

வாத்திய இசை துல்லியமாக வேண்டுமென்றால் நீல் பேட்ரிக் ஹாரிஸும் தெரசா மெக்கார்த்தியும் பாடிய 2001 ஆல்பம் இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு அதைக் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் எலாவுக்குக் குடையும் கோட் ஸ்டாண்டும் ஏன் தோன்றுகின்றன என்பது பிடிபடாது.