கெட்டிச் சார்ட்டும் பட்டைமுனை மார்க்கரும்: மூன்றாம் வகுப்பில் ஓராண்டு

சேரன்மகாதேவிப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், வகுப்பில் ஆங்கர் சார்ட் எழுதுவதற்காக, திருநெல்வேலி டவுனில் ஒரு ஸ்டேஷனரி கடையில் 22க்கு 28 அங்குல வெள்ளைச் சார்ட் இருபதும், நீர் மை ஊற்றிய பட்டைமுனை மார்க்கர் ஐந்து நிறங்களிலும் வாங்கினேன். கூடவே, அச்சிட்டு லேமினேட் செய்த ஆறு படங்கள் கொண்ட ஒரு தொகுப்பையும் வாங்கினேன். ஓராண்டு முழுவதும் இவற்றைப் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஆங்கர் சார்ட் என்பது பாடம் நடக்கும்போதே, பிள்ளைகள் சொல்லச் சொல்ல, அவர்கள் கண்முன் ஆசிரியர் எழுதி உருவாக்குவது. முந்தைய இரவு வீட்டில் அழகாக வரைந்து கொண்டுவந்து மாட்டும் படம் அந்த வேலையைச் செய்வதில்லை. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (முன்னேறிய நிலை) என மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்ந்திருக்க, நான் அரும்புப் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தில் மற்றவர்கள் சந்தேகம் வந்தால் என்னை அழைக்காமல் தாமே நிமிர்ந்து பார்த்துத் தெளிவதற்குச் சுவரில் ஏதேனும் இருந்தாக வேண்டும். அந்தத் தேவைக்காகத்தான் இதில் இறங்கினேன்.

முதலில் எழுதியது ல, ள, ழ. நம் பக்கத்துப் பிள்ளைகள் வாழைத் தோட்டத்துக்கு நடுவிலேயே வளர்ந்தாலும் வீட்டில் கேட்பது ‘வாளப்பளம்’ என்றுதான். எழுத்திலும் அதுவே வரும். ஆகவே விதியைச் சொல்லாமல், மூன்று ஒலிகளையும் மாறி மாறி உச்சரிக்கவைத்து, நாக்கு எங்கே போகிறது என்று கேட்டேன். ‘ல’வுக்கு மேல்பல்லுக்குப் பின்னால் தொடுகிறது என்றார்கள், ‘ள’வுக்கு மடங்கி மேலே தொடுகிறது என்றார்கள். ‘ழ’ வந்தபோது வெகுநேரம் குழம்பிய பிறகு ஒரு சிறுமி, “மடங்கணும், ஆனா மேல ஒட்டக் கூடாது டீச்சர்” என்றாள். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே வால், வாள், வாழை என்று மூன்று படங்களை அவர்களையே வரையச் சொன்னேன். பல வாரங்கள் கழித்தும், கட்டுரை நோட்டில் ‘வாழை’ என்று எழுதுமுன் சிலர் நாக்கை மடக்கிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்ப்பதைக் கண்டேன்.

இந்த வேலைக்கு அந்தச் சார்ட் நன்றாகவே ஈடுகொடுத்தது. மை மறுபக்கம் ஊறவில்லை; அதனால் மாதிரி எழுதிப் பார்ப்பதற்குப் பின்பக்கத்தையும் பயன்படுத்த முடிந்தது. முன்பு நான் பயன்படுத்திய பெர்மனென்ட் மார்க்கர் தாளைத் துளைத்துக்கொண்டு போவதோடு, அதன் நெடி முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் தலைவலியையும் கொடுத்தது. பட்டைமுனையால் ஒன்றரை அங்குல உயரத்தில் எழுதினால் கடைசி வரிசைக்கும் தெளிவாகத் தெரிகிறது. கூர்முனை ஸ்கெட்ச் பேனாவால் அது முடியாது. கறுப்பும் நீலமும் எழுத்துக்கு, சிவப்பு கவனிக்க வேண்டிய அந்த ஒரே எழுத்துக்கு என்று பிரித்துக்கொண்டேன். ஒரு தாளில் ஒரு கருத்துக்கு மேல் ஏற்றினால் பிள்ளைகள் எதையும் தேடிக் கண்டுபிடிப்பதில்லை.

குறைகளும் உண்டு. ஆடிக் காற்றில் சன்னலோரச் சார்ட் இரண்டு கிழிந்தன. சுவரில் செல்லோ டேப் ஒட்டினால் சுண்ணாம்போடு உரிந்து வருகிறது. கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிட்டு, அடியோரத்தில் மெல்லிய மூங்கில் பிளாச்சு ஒட்டிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. ஐப்பசி மழையில் தாள் சற்று நெளிந்ததுடன், சாரல் பட்ட இடத்தில் நீர் மை கரைந்தும் ஓடியது. சன்னலருகில் தொங்கவிட நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

லேமினேட் தொகுப்பைப் பற்றி வருத்தத்துடன்தான் எழுத வேண்டியிருக்கிறது. உயிரெழுத்துப் படத்தில் ‘ஔ’ என்ற ஒரே எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து அச்சாகியிருந்தன. மலர் நிலைச் சிறுவன் ஒருவன் அதை ‘ஒளவை’ என்று மூன்றெழுத்தாகக் கூட்டிப் படித்தபோது, தவறு அவனிடம் இல்லை என்று சொல்லிப் படத்தைக் கழற்றிவிட்டேன். குழந்தைகள் எழுத்தைக் கண்ணால் பதித்துக்கொள்ளும் வயதில் இப்படிப்பட்ட பிழை பொறுக்கக்கூடியதல்ல. விற்பவர்கள் ஒருமுறையாவது வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். மற்ற ஐந்தும் பிழையின்றிப் பளபளப்பாகவே இருக்கின்றன. ஆனால் சன்னல் வெளிச்சம் பட்டால் பாதி எழுத்து மின்னி மறைகிறது, பிள்ளைகளும் அவற்றை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இந்த ஜூனில் அதே சார்ட்டில் முப்பதும், கறுப்பு, நீலம், சிவப்பு மார்க்கரில் இரண்டிரண்டும் வாங்கப் போகிறேன். பச்சை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. மஞ்சள் மூன்றாம் வரிசைக்கே தெரியவில்லை என்பதால் அதை மட்டும் யாரும் வாங்க வேண்டாம்.